எஞ்சினுக்கு வைத்த பொட்டு

ஜனவரி 22

இந்த டைரி உப்பு வியாபாரி கொடுத்தது. வருடா வருடம் என் வீட்டுக்காரர் வாங்கிவந்து பரணில் போடுவார். இந்த வருடம் வாங்க அவர் இல்லை என்பதால் என் கையில் கொடுத்துவிட்டு, வியாபாரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். போன சீசனில் எங்கள் உப்பு ஈரமாக இருக்கிறது என்று வாய் கூசாமல் குறை சொன்னபோது இந்த முகம் எங்கே போயிருந்ததோ. சரி, டைரி நல்ல தாள். வாயால் திட்டினால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. எழுதித் திட்டினால் எனக்கும் பேனாவுக்கும் மட்டும்.

இன்று அளத்தில் எஞ்சின் போட்டோம். எங்கள் உப்பளத்துக்குக் கரண்டு கிடையாது. டீசல் எஞ்சின்தான் ஆழ்குழாய்த் தண்ணீரை இறைத்து, தெப்பம் என்கிற தேக்கக் குளத்தில் விடவேண்டும். தெப்பத்திலிருந்து வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் போய், வெயிலில் காய்ந்து உப்பாகும். எஞ்சின் நின்றால் நானும் நின்றேன்.

என் வீட்டுக்காரர் திருமணி ஆடியில் போனார். காரியம் முடிந்த கையோடு என் கொழுந்தன் லிங்கதுரை அளத்தைக் கேட்டான். பக்கத்து அளம் ஏற்கெனவே அவனுடையது. ஆள் வைத்துப் பார்க்கிறான். உப்புத் தண்ணீர் பட்டால் செருப்பு கெட்டுவிடும் என்று வரப்பைவிட்டு இறங்கமாட்டான். மாமனார் யோசித்து, இந்த ஒரு சீசன் அவள் பார்க்கட்டும், முடியவில்லை என்றால் நீ எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு எப்போது முடியாமல் போகும் என்று அவன் வழி பார்த்துக்கொண்டிருக்கிறான். நேரில் தம்பி, வா, இரு என்றுதான் பேசுவேன். டைரியில் மட்டும் அவன், இவன் என்றுதான்.

பூஜைக்கு அவன் மனைவி ஜெயக்கொடி கையால்தான் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கவேண்டும் என்றான். அந்த அம்மாள் வரவேயில்லை. சேலைக்கு ரவிக்கை பொருந்தியிருக்காது. வெயில் ஏறியது, நானே சந்தனத்தைக் குழைத்தேன், நானே வைத்தேன். வேலைக்காரி முத்துப்பேச்சி எச்சில் விழுங்கினாள். லிங்கதுரை வரப்பில் நின்று வேறு பக்கம் பார்த்தான். என் நெற்றியில் வைக்கக்கூடாது, சரி. இரும்புக்கு நான் வைக்கக்கூடாது என்று எவன் எழுதிவைத்தான்?

எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு தகடு, அதன் நடுவில் வட்டமாக ஒரு மூடி. பார்த்தாலே நெற்றி மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அங்கேதான் வைக்கிறேன். நான் வைத்து முடித்ததும் அவர் ஒரு கழிவுத் துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டுத்தான் எஞ்சினைச் சுற்றுவார். சாமிக்கு வைத்ததை அழிக்கிற மனுஷன் என்று ஒவ்வொரு வருடமும் சண்டை போடுவேன். பதிலுக்கு ஏதோ முனகுவார். இந்த வருடம் துடைக்க ஆளில்லை. இருந்த ஆத்திரத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே அப்பினேன். நிறைவாக இருந்தது.

அந்தத் துணி இன்னும் எஞ்சின் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. எடுத்துப் போட நேரமில்லை.

ஜனவரி 25

எஞ்சின் சக்கரத்துக்குக் கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறது. மண்ணைப் போட்டு மூடினேன்.

ஜனவரி 27

மண் போட்டு மூடினால் நின்றுவிடும் என்று நினைத்த என் புத்தியைச் சொல்லவேண்டும். வாய்க்கால் ஓரத்தில் வானவில் மாதிரி எண்ணெய் மிதக்கிறது. இது தெப்பத்துக்குப் போனால், பாத்திக்குப் போனால், உப்பு மஞ்சளாக வரும். வியாபாரி லாரியை ஏற்றாமலே திருப்பிவிடுவார். அப்புறம் மாமனார் சொன்ன “முடியவில்லை என்றால்” வந்துவிடும்.

நானும் முத்துப்பேச்சியும் கொட்டகையைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு போட்டோம். சக்கரத்துக்குக் கீழே தகர டப்பா வைத்தோம். லிங்கதுரை தூரத்தில் பைக்கை நிறுத்தி, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். உதவிக்கு வருகிறானோ என்று முத்துப்பேச்சி கேட்டாள். அவளுக்கும் விளையாட்டுதான்.

மெக்கானிக் ரீகனுக்குப் போன் போட்டேன். நாளை மறுநாள் வருகிறானாம். அவ்வளவு பெரிய டாக்டர்.

ஜனவரி 29

ரீகன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுதான் வந்தான். கொட்டகைக்குள் இருட்டு, அங்கேயும் கழற்றவில்லை. வந்ததும் எஞ்சினைத் தொடவில்லை. எந்தெந்த அளத்தில் எந்தெந்த எஞ்சினைப் பிழைக்க வைத்தேன் என்று கதை சொன்னான். கேட்டால் இந்தக் கடற்கரையில் உப்பு விளைவதே இவனால்தான் என்று தோன்றும்.

பிறகு வேலை செய்தான், இல்லையென்று சொல்லமுடியாது. பெரிய சக்கரத்தைப் புல்லர் என்கிற கருவியைப் போட்டு இழுத்துக் கழற்றினான். அதற்குப் பின்னால் தண்டைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு கறுப்பு ரப்பர். அதுதான் ஆயில் சீல். தண்டு சுற்றும்போது எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அதன் வேலை. ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து என் கையில் போட்டான்.

“பாத்தியளாக்கா, கல்லு மாதிரி ஆயிட்டு. வாய் தேஞ்சிருக்கு. அண்ணாச்சி போட்டதுதான் இது, எத்தன வருசமாச்சோ.”

அண்ணாச்சி போட்டது என்றதும் அதைக் கீழே போட வந்த கையை இழுத்துக்கொண்டேன். குப்பையில் போட்டால் அளம் அசிங்கமாகும் என்பதால் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

புது சீலின் வாயில் எண்ணெய் தடவி, ஒரு குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி உட்கார வைத்தான். சுருள்கம்பி இருக்கிற பக்கம் உள்ளே பார்க்கவேண்டுமாம், மாற்றிப் போடுகிறவன் மடையனாம். முடித்துவிட்டு எஞ்சின் முழுவதும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். என் பொட்டை மட்டும் தொடாமல் அதைச் சுற்றி வட்டமாகத் துடைத்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன். அடுத்தவர் சாமிக்கு வைத்ததில் கைபடாமல் பார்த்துக்கொள்கிற மரியாதை இருக்கிறது. அந்த மட்டுக்கும் அவன் அம்மா நன்றாக வளர்த்திருக்கிறாள்.

“இனி ஒழுகுச்சுன்னா எம்பேர மாத்திக்கிடுதேன்” என்றான். வேறு என்ன பேர் வைக்கலாம் என்று இப்போதே யோசித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 2

டப்பா காய்ந்து கிடக்கிறது. பாத்தியெல்லாம் மிதித்துச் சமப்படுத்தி முடித்தாயிற்று. கால் பித்தவெடிப்பில் உப்பு ஏறி எரிகிறது. மாமனாருக்குக் கருவாடு பிடிக்கும் என்று சுட்டுக் கொடுத்தனுப்பினேன். உப்புக் கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். உப்பளக்காரர் வாயில் வரவேண்டிய வார்த்தையா இது.

பிப்ரவரி 5

ஒழுகுகிறது.

எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க அளவுக்கம்பியை உருவினேன். உஸ் என்று சீறி எண்ணெய் என் மேலே தெறித்தது. சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை. அவர் கோவில்பட்டியில் எடுத்துக் கொடுத்தது. கறை சோப்புக்குப் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. எஞ்சின்கூட ஆள் பார்த்துத் துப்புகிறது.

ரீகனைப் போனில் பிடித்து நான் கேட்ட கேள்வியில் அவன் கூலிங்கிளாஸ் உடைந்திருக்கவேண்டும். சீல் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், டூப்ளிகேட்டைக் கொடுத்துவிட்டான் என்றான். அடுத்தவன் மேல் பழி போடாமல் ஒரு வேலையும் செய்யத் தெரியாத கூட்டம்.

பிப்ரவரி 8

தூத்துக்குடி டவுனுக்குப் போய், கம்பெனி சீல் வாங்கிவந்து போட்டான். இந்தத் தடவை கதை குறைவு. தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான். பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீல் போட்டாலும் ஒழுகுமாம். பள்ளம் இல்லை. பேரிங் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தான். ஆட்டமும் இல்லை. தலையைச் சொறிந்தான். மறுபடியும் பொட்டைச் சுற்றி வட்டமாகத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து லிங்கதுரையும் ஜெயக்கொடியும் வந்தார்கள். ஜெயக்கொடி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் நாற்றமாம். லிங்கதுரை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, வேலைக்காரிகள் காதுபடச் சொன்னான்.

“மைனி, சொன்னா கோவப்படாதிய. சுமங்கலி கை படவேண்டிய எடம் இது. அண்ணன் இருந்தப்ப ஒரு சொட்டு ஒழுகியிருக்கா? ரப்பர மாத்தி என்ன செய்ய?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். “தம்பி, ஒழுகுதது எண்ணெய். ஒம் பொண்டாட்டி கையில அவ்வளவு ராசி இருந்தா வரச்சொல்லு, வெரல வச்சு அடைக்கட்டும்” என்றேன். முத்துப்பேச்சி சிரிப்பை அடக்க இருமினாள். அவர்கள் போன பிறகு எண்ணெய் டப்பாவை மூன்று தடவை கழுவினேன். கோபத்தில்தான்.

பிப்ரவரி 9

கம்பெனி சீலும் ஒழுகுகிறது.

பிப்ரவரி 11

ரீகனை இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுப் பேர் என்ன என்றும் கேட்டேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான், புல்லரைக்கூட மறந்து வைத்துவிட்டு. வாயாடி வாயை மூடினால் பார்க்கச் சகிக்கவில்லை.

எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறோம். டப்பா நிறைந்ததும் எடுத்து, துணியில் வடிகட்டி, திரும்ப ஊற்றுகிறோம். தெப்பத்தில் தண்ணீர் போதவில்லை. மற்ற அளங்களில் பாத்தி வெளுக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் பாத்தி இன்னும் குட்டை மாதிரி கிடக்கிறது.

பிப்ரவரி 16

லிங்கதுரை ஒரு எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் கொண்டுவந்து கொட்டகை வாசல் நிலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஜெயக்கொடி மந்திரித்து வாங்கிவந்ததாம். நான் இல்லாத நேரம் பார்த்துக் கட்டியிருக்கிறான். வீரன்.

ரீகனுக்கு ஒரு சீல் போடத் தெரியவில்லை என்று டீக்கடையில் பேசுகிறானாம். இரண்டு வாயால் பேசுகிறான் பாருங்கள்: கொட்டகையில் என் கை சரியில்லை, டீக்கடையில் ரீகன் கை சரியில்லை. தன் அளத்து வேலையிலிருந்தும் ரீகனை நிறுத்திவிட்டான். மற்றவர்களும் வேறு மெக்கானிக் தேடுகிறார்கள் என்று முத்துப்பேச்சி சொன்னாள். நல்லது, வேண்டும் அவனுக்கு என்றேன். முத்துப்பேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிப்ரவரி 20

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ரீகன் புல்லரை எடுக்க வந்தான். கூலிங்கிளாஸ் இல்லை. எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருப்பான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. காலையில்தான் இன்னொரு சேலை போயிருந்தது. உன் வேலையால் இரண்டு சேலை நாசம், அளவுக்கம்பியை எடுத்தாலே மூஞ்சியில் துப்புகிறது என்றேன்.

நடந்துகொண்டிருந்தவன் நின்றான். “துப்புதுன்னா? கம்பிய உருவும்போதா?” என்று கேட்டான். உஸ் என்று காற்றோடு வருகிறது, முதல் தடவை சீல் போட்டதிலிருந்தே இப்படித்தான் என்றேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றான். சேலை போன கதையெல்லாம் உன்னிடம் சொல்லவேண்டுமா என்றேன்.

திரும்பி வந்து எஞ்சின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். பொட்டு வைத்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “கழட்டலாமாக்கா?” என்று கேட்டான். அவன் என்னிடம் இவ்வளவு நாளில் கேட்ட ஒரே அனுமதி அதுதான். கழற்று என்றேன்.

மூடிக்குள்ளே நகத்தளவு தடிப்புகூட இல்லாத ஒரு தகடு. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும்போது அது எழும்பி, மூடியைச் சுற்றியிருக்கிற ஓட்டைகள் வழியாகக் காற்றை வெளியே விடவேண்டுமாம். பிரீதர் என்றான். ஓட்டைகள் எல்லாம் அடைத்திருந்தன. சந்தனம் உள்ளே இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, அடுப்புமேல் வைத்த பசை மாதிரி இறுகி, அந்தத் தகட்டை ஒட்டிப் பிடித்திருந்தது. குங்குமம் நடுவில் சிவப்பாக அப்படியே தெரிந்தது. காற்றுக்குப் போக வழியில்லை. சீல் வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் வாயை மடக்கிக்கொண்டு வந்திருக்கும்.

ரீகன் சுற்றுமுற்றும் பார்த்தான். பாத்தியில் முத்துப்பேச்சியும் மற்றவர்களும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவன் மூடியைச் சட்டையோடு அணைத்து மறைத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தான்.

“தூசிதான்க்கா. காத்துக்கு அடிச்ச உப்புத்தூசி. அதுல கை வைக்கப்படாதுன்னு விட்டுட்டேன், ஏந்தப்புதான். யாரும் கேட்டா நான் சீலத் தப்பாப் போட்டேன்னு சொல்லிக்கிடுதேன்.”

இவன் எனக்காகப் பொய் சொல்கிறானாம். லிங்கதுரை என்னைப் பற்றிப் பேசுவதெல்லாம் இவன் காதிலும் விழுந்திருக்கிறது. அவன் பார்வையில் இருந்தது இரக்கம். எனக்கு எரிந்துபோயிற்று. லிங்கதுரை மாதிரி ஆட்களின் இளக்காரத்தைத் தாங்கிக்கொள்ளலாம், அதைத் திருப்பிக் கொடுக்கவாவது முடியும். வேலையைப் பார்த்துவிட்டுப் போ, வியாக்கியானம் வேண்டாம் என்று கத்தினேன். அவன் போய் இன்னொரு சீல் வாங்கிவந்தான்.

தூசி இல்லை. அது தூசி இல்லை என்று எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 21

சீல் மாற்றியாயிற்று. கீழே ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து எஞ்சினை நாள் முழுக்க ஓட்டினோம். காகிதம் வெள்ளையாகவே இருக்கிறது. அளவுக்கம்பியை உருவினால் துப்பவில்லை.

பிப்ரவரி 24

லிங்கதுரை வந்து காகிதத்தைப் பார்த்தான். நிலையில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். “பாத்தியளா மைனி, நின்னுட்டுல்லா. இனிமேயாவது நல்லது கெட்டதுக்கு அவளக் கூப்பிடுங்க” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. சந்தனம்தான் அடைத்தது என்று சொன்னால், நான் அப்போதே சொன்னேனே, பொட்டுதான் காரணம் என்று ஊரைக் கூட்டிவிடுவான். ஓட்டை, தகடு, அழுத்தம் எல்லாம் யார் காதில் ஏறும்? விதவை வைத்தாள், எஞ்சின் ஒழுகியது. அவ்வளவுதான் நிற்கும். மாமனாரும் பழைய ஆள். அளம் போய்விடும். அதனால் பேசாமல் இருந்தேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

தண்ணீர் நன்றாக ஏறுகிறது. எலுமிச்சம்பழம் அழுகி ஈ மொய்க்கிறது.

மார்ச் 3

ரீகன் தொழிலுக்கு வைத்திருக்கிற கம்ப்ரஸரை விற்கப்போகிறானாம். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. டவுனில் எவனோ வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்குச் சேரப்போகிறான் என்று முத்துப்பேச்சி சொன்னாள். எனக்கென்ன என்றேன். அவன் பெண்டாட்டி அவளிடம் அழுதாளாம். எனக்கென்ன என்று மறுபடியும் சொன்னேன். லிங்கதுரை அளத்தில் வைத்திருக்கிற புது மெக்கானிக் பாவம், தினமும் அந்த எஞ்சினுக்கு அடியில் படுத்தே கிடக்கிறான் என்றும் சொன்னாள்.

மத்தியானம் கொட்டகையில் சோற்றுத்தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்தத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வருடா வருடம் முனகியது என்ன என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் காதில்தான் இருந்திருக்கிறது.

“அது மூச்சு விடுத எடம்லா, உலகு.”

உலகம்மாள் என்ற பேரை உலகு என்று கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். நான் என்ன சொன்னேன்? எஞ்சின் மூச்சு விடுகிறதாம், இருமலுக்குக் கஷாயம் போட்டுக் கொடுங்கள் என்று வேலைக்காரிகள் முன்னால் நக்கலடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துடைத்தார். அடுத்த வருடமும் நான் அப்பினேன், அடுத்த வருடமும் அவர் துடைத்தார். ஒரு தடவையாவது கோபப்பட்டு உறைக்கிற மாதிரி சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா.

சோறு இறங்கவில்லை. அழுதேன். ஆடியில் அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து அழச் சொன்னபோது வராத அழுகை.

மார்ச் 9

பாத்தி வெளுத்துவிட்டது. முதல் உப்பைப் பன்னிரண்டாம் தேதி வாரலாம். மாமனாருக்குச் சொல்லியனுப்பினேன். ரீகனையும் வரச்சொன்னேன். எதற்கு என்று கேட்டான். எஞ்சின் ஏதோ சத்தம் போடுகிறது என்று சொன்னேன். எஞ்சின் சத்தம் போடாமல் பிறகு பாட்டா பாடும் என்றான். கொஞ்சம் பழைய ரீகன் தெரிந்தான்.

மார்ச் 12

முதல் உப்பு வாரினோம். வெள்ளையாக, கண் கூசுகிற மாதிரி. மாமனாரை ஆட்டோவில் கூட்டிவந்து வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். லிங்கதுரை, ஜெயக்கொடி, வியாபாரி, வேலைக்காரிகள். ரீகன் கொட்டகை ஓரமாக, யார் கண்ணிலும் படாத மாதிரி நின்றான். லிங்கதுரை கண்ணில் பட்டுவிட்டான். சீல் போடத் தெரியாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று எல்லார் முன்னாலும் கேட்டான். ரீகன் இன்னும் கொட்டகை நிழலுக்குள் ஒதுங்கினான்.

முதல் உப்பு அன்று எஞ்சினுக்கும் பொட்டு வைக்கிற வழக்கம். ஜெயக்கொடி இந்தத் தடவை நேரத்துக்கு வந்திருந்தாள். தட்டில் சந்தனம் வழிய வழியக் குழைத்து எடுத்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நேராக அந்த மூடிக்குப் போய் நெற்றி நிறையத் தீட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இத்தனை நாள் கட்டிவைத்திருந்த வாயை அப்போதுதான் அவிழ்த்தேன்.

“எண்ணெய் ஒழுகுனதுக்குக் காரணம் நான் வச்ச பொட்டுதான் மாமா.”

லிங்கதுரைக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். கல்யாண வீட்டில்கூட அவனை இப்படிப் பார்த்ததில்லை. நான் மாமனாரைப் பார்த்தே பேசினேன்.

“தாலி அறுத்தவ கைங்கிறதால இல்ல. இது எஞ்சின் மூச்சு விடுத எடம். சந்தனத்த அப்பி அடச்சிட்டேன். ஜெயக்கொடி வச்சாலும் அடைக்கும், அம்மனே எறங்கி வந்து வச்சாலும் அடைக்கும். ரீகன் போட்ட சீல்ல ஒரு குத்தமும் இல்ல. எனக்காகப் பொய் சொல்லிப் பேரக் கெடுத்துக்கிட்டு நிக்கான்.”

லிங்கதுரை விடுவானா. மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, “அப்ப இத்தன வருசமா நீங்கதான வச்சிய மைனி, ஏன் அடைக்கல?” என்றான்.

“ஒங்கண்ணன் தொடச்சாரு” என்றேன்.

ஆணியிலிருந்து அந்தத் துணியை எடுத்தேன். எடுக்கும்போது அதில் இன்னும் அவர் பீடி வாசம் இருந்தது. ஜெயக்கொடி வைத்த பொட்டை நன்றாக அழுத்தித் துடைத்தேன், ஓட்டைகளில் ஒரு துளி இல்லாமல். ஜெயக்கொடி ஐயோ என்று தட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல நாளில் பொட்டை அழிக்கிறாளே என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். நான் லிங்கதுரை பக்கம் திரும்பினேன்.

“பொட்ட அழிச்ச பொறவுதான் தம்பி இது ஒழுங்கா ஓடுது. என்னையும் அப்பிடியே நெனச்சுக்கிடு.”

வியாபாரி தன் செருப்பைப் பார்த்தார். மாமனார் குனிந்து, குவியலிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். நல்லா இருக்கு என்றோ கெட்டுப்போச்சு என்றோ சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லாத குணம் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தது.

“தெப்பத்துல தண்ணி கொறஞ்சு கெடக்கு. எஞ்சினப் போடு, உலகு” என்றார்.

கைப்பிடியைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

மார்ச் 13

ரீகனை லிங்கதுரை அளத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் எஞ்சின் ஒழுகுகிறதாம், ஜனவரியிலிருந்தே. வெளியே மூச்சுவிடாமல் லிங்கதுரை கீழே சாக்கு விரித்து வைத்திருக்கிறான். மூடியில் ஜெயக்கொடி வைத்த சந்தனம் செங்கல் மாதிரி இறுகியிருந்ததாம். போன வருடம்வரை அவன் எஞ்சினையும் என் வீட்டுக்காரர்தான் போய்ப் போட்டுக் கொடுத்துவந்தார். ரீகன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து இதைச் சொல்லிவிட்டு, தான் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதாக முத்துப்பேச்சியிடம் கதை அளந்துகொண்டிருந்தான். துரத்திவிட்டேன்.

காலையில் எஞ்சின் போடுவதற்கு முன்னால் மூடியைத் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன். துணி அழுக்குதான், துவைக்கலாம். துவைக்கவில்லை. அதே ஆணியில் மாட்டிவிட்டு, பாத்திக்கு இறங்கினேன்.